எரிவாயுக் கிடங்கும் அக்காவின் கலியாணமும்

எங்கள் வளவின் பின்பக்கத்தில், மாட்டுக்கொட்டிலுக்கும் கிணற்றுக்கும் நடுவே, வட்டமாக ஓரிடத்தில் மட்டும் மண் தாழ்ந்து கிடக்கிறது. மாரியில் அங்கே தண்ணீர் தேங்கும். புதிதாக வருகிறவர்கள் அதைத் தூர்ந்துபோன பழங்கிணறு என்று நினைக்கிறார்கள். வீட்டில் யாரும் திருத்துவதில்லை. அந்த இடத்தில் பதினொரு மாதம் எங்கள் வீட்டுச் சோற்றை வேகவைத்த எரிவாயு உண்டாகிக்கொண்டிருந்தது. அதை அங்கே கொண்டுவந்தவள் நான். மூடவைத்தவள் என் அக்கா.

ஐயாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். அதற்கு மேல் ஓர் எழுத்தும் தெரியாது. அம்மா பெருவிரலை மையில் தொட்டு வைப்பவர். அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள். அப்போது எனக்கு இரண்டு வயது. ஐயாவும் அம்மாவும் புகையிலைத் தோட்டத்தில் நிற்க, வீட்டில் மாட்டையும் என்னையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. அதனால் எங்கள் இரண்டு பக்கச் சொந்தத்திலும் உயர்தரம் வரை, அதுவும் விஞ்ஞானப் பிரிவில், படித்து முடித்த முதல் ஆள் நானானேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அப்போதும் இருக்கவில்லை. ஊருக்குள் நடக்கும்போது நிமிர்ந்துதான் நடந்தேன். பெரியப்பா மட்டும் எங்கள் வாசல் படலையடியில் என்னைக் கண்டால் ஐயாவைக் கூப்பிட்டுக் கேட்பார்:

"உவளின்ரை படிப்பு ஒரு பானை சோறு வடிக்குமோடா?"

ஐயா சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிப்பதில்லை.

மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடான காலம் அது. கூட்டுறவுச் சங்கக்கடையில் வரிசையில் நிற்கும்போது சுவரில் ஒட்டியிருந்த ஓர் அறிவித்தலை வாசித்தேன். மாட்டுச் சாணத்திலிருந்து சமையலுக்கு எரிவாயு எடுக்கும் கிடங்கு ஒன்றை ஒவ்வொரு பகுதியிலும் பரீட்சார்த்தமாகக் கட்டப்போகிறார்கள், விருப்பமுள்ளவர்கள் எழுதலாம் என்று இருந்தது. எனக்கு அந்த வாயு தெரியும். ஒரு காபன் அணுவும் நாலு ஐதரசன் அணுவும் சேர்ந்த மெதேன். ஐதரோகாபன்களில் அதைவிட எளிமையான ஒன்று இல்லை. நிறமில்லை, தனியே எடுத்தால் மணமில்லை. குளத்துச் சேற்றில் காலை வைத்தால் குமிழியாக எழும்புவதும் அதுதான், மாட்டின் வயிற்றில் உண்டாவதும் அதுதான். பரீட்சைத்தாளில் அதன் கட்டமைப்பை எத்தனையோ தரம் வரைந்திருக்கிறேன். எரிந்ததை ஒருதரமும் பார்த்ததில்லை. வீட்டில் யாரிடமும் கேட்காமல் என் பெயரில் விண்ணப்பம் எழுதி அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்து விவசாயப் போதனாசிரியர் சைக்கிளில் வந்து இறங்கினார். நாற்பது வயது மதிக்கலாம். பதமாகப் பேசுகிறவர். விண்ணப்பம் எழுதியது யார் என்று கேட்டார். நான் முன்னால் வந்ததும் ஐயா திகைத்துப்போனார். கோபப்படப் போகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் போதனாசிரியர் கொட்டிலைப் பார்த்து, இரண்டு பசுவும் ஒரு சோடி வண்டில் மாடும் போதும் என்றார். சீமெந்தும் இரும்புப் பீப்பாவும் விவசாய அலுவலகம் தரும், கிடங்கு வெட்டுவது மட்டும் எங்கள் பொறுப்பு என்றார். சாணம் வீணாகாது, வாயு போனபின் வெளியே வருகிற கூழ் வெங்காயத்துக்குப் பச்சைச் சாணத்தைவிட நல்ல பசளை என்றும் சொன்னார். ஐயா அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் சம்மதித்தார்.

அம்மாவுக்கு இழுப்பு, புகை பட்டால் மூச்சு முட்டும். எங்கள் குசினி அடுப்பில் எரிவது பனங்கொட்டை ஊமலும் பனையின் கங்குமட்டையும் தேங்காய்ப் பொச்சுமட்டையும். மழைக்காலத்தில் அவை நனைந்துவிட்டால் நெருப்பைவிடப் புகைதான் அதிகம். அம்மா ஊதுகுழலோடு குனிந்திருந்து ஊதுவார், பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு இருமுவார். சோறு வடித்து முடிவதற்குள் இரண்டு மூன்று தரம் வெளியே வந்து நிற்பார். அந்த இருமலைக் கேட்டுக்கொண்டுதான் நான் படித்தேன்.

சுண்ணாம்புக்கல்லை அலவாங்கால் உடைத்து ஐயாவும் இன்னும் இரண்டு பேரும் பத்தடி ஆழத்துக்குக் கிடங்கு வெட்டினார்கள். உள்ளே சீமெந்து பூசி, சாணமும் தண்ணீரும் சரிக்குச் சரி கரைத்து நிரப்பி, மேலே இரும்புப் பீப்பாவைக் கவிழ்த்து மிதக்கவிட்டார்கள். வாயு சேரச் சேரப் பீப்பா மேலே எழும்பும். அதன் உச்சியிலிருந்து ஒரு குழாய் குசினிக்குள் வந்து இரும்பு அடுப்பில் முடிந்தது. பீப்பாவின் பக்கத்தில் வெள்ளைப் பெயின்றால் கோடுகள் போட்டுத் தந்தார்கள். காலையும் மாலையும் அது எந்தக் கோட்டில் நிற்கிறது என்று கொப்பியில் எழுதுவது என் வேலை. குழாயில் வேர்த்துத் தேங்கும் தண்ணீரைக் கிழமைக்கு ஒருதரம் திறந்துவிடுவதும் என் வேலை. திறக்காமல் விட்டால் சுவாலை விக்கும். சாணம் கரைப்பது அக்காவின் வேலை. விடிந்ததும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தொட்டியில் முழங்கை மட்டும் கையை விட்டுக் கரைத்து, வைக்கோல் துரும்புகளைப் பொறுக்கி எறிந்து உள்ளே ஊற்றுவாள்.

முதலில் வந்த வாயுவை எரிக்கவில்லை. அதில் காற்றுக் கலந்திருக்கும், அதற்குக் கிட்ட நெருப்பையே கொண்டுபோகக் கூடாது, திறந்துவிடவேண்டும் என்று எனக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். திறந்துவிட்டேன். பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, மாட்டை அடுப்பிலை கட்டினால் கெதியா எரியும் என்றார். மூன்றாம் கிழமை ஒரு காலையில் தீக்குச்சியைக் கிட்டப் பிடித்தேன். 'பொப்' என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லாதது போல் இருந்தது. எரியவில்லை என்று திரும்பப்போனபோது அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத நீலத்தில் அது எரிந்துகொண்டிருந்தது. நாங்கள் இருவரும் குசினிக் கதவைச் சாத்தி, இருட்டாக்கி, அந்த நீலப் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா பின்னால் வந்து நின்று, "புகை எங்கை?" என்று கேட்டார்.

அன்றைய சோற்றைப் பெரியப்பாவுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

அதன்பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். போதனாசிரியர் அயலூர்க் கமக்காரர்களைக் கூட்டிவருவார். நான் கிடங்கடியில் நின்று விளங்கப்படுத்துவேன். சாணம் எங்கே போகிறது, வாயு எங்கே சேர்கிறது, கூழ் எங்கே வருகிறது, எல்லாம். வயதான ஆண்கள் எனக்கு முன்னால் சால்வையைத் தோளிலிருந்து எடுத்து மடித்துக்கொண்டு நின்று கேட்டார்கள். அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர் என் பெயரை எழுதிக்கொண்டு போனார். அக்கா அந்த நேரங்களில் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி போடுவாள், அந்த வாயுவில்தான்.

அலுவலகம் தந்த கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு படம் இருந்தது. கக்கூசிலிருந்து ஒரு குழாய் கிடங்குக்குள் போவதுபோல் வரைந்திருந்தார்கள். சில நாடுகளில் அப்படியும் செய்கிறார்களாம். போதனாசிரியர் அந்தப் பக்கத்தை எங்களுக்குக் காட்டாமலே புரட்டிவிட்டார். மார்கழிக் குளிரில் வாயு குறைந்து, பின்னேரத்துக்குள் பீப்பா கீழே போய்விடும் நாட்களில் எனக்கு அந்தப் படம் ஞாபகம் வரும். ஒருநாள் கிணற்றடியில் அக்காவிடம் மட்டும் சொன்னேன். எதிலிருந்து வந்தாலும் அதே ஒரு காபனும் நாலு ஐதரசனும்தான், நெருப்புக்கு வித்தியாசம் தெரியாது, ஒருகாலத்தில் நான் அதையும் செய்து காட்டுவேன் என்று. அக்கா சிரித்துச் சிரித்துக் கிணற்றுக் கட்டில் குந்திவிட்டாள்.

"எடி, உனக்கு முழு விசர். உதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

நான் வேறு ஒருவருக்கும் சொல்லவில்லை.

அக்காவுக்கு இருபத்தொன்பது வயதாகியிருந்தது. இரண்டு சம்பந்தங்கள் பேசிக் கடைசியில் நின்றுபோயிருந்தன. மூன்றாவதாகக் கொடிகாமத்திலிருந்து ஓர் இடம் வந்தது. மாப்பிள்ளை சந்தையில் மரக்கறி வியாபாரம், அமைதியான ஆள், சீதனமாகக் கேட்பதும் அதிகமில்லை என்று தரகர் சொன்னார். இதுவும் தவறினால் இனி ஓர் இடம் வராது என்பதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அம்மா மட்டும் கோயிலுக்குப் போய்வரத் தொடங்கினார்.

மாப்பிள்ளையின் தாய் முதலில் வந்து பார்க்கிறதாக ஏற்பாடு. எங்கள் பக்கங்களில் அப்படி வருகிறவர்கள் தேத்தண்ணி குடித்தால் மனம் சரி என்று அர்த்தம். குடிக்காமல் எழும்பினால் தரகர் பிறகு வந்து சாதகம் பொருந்தவில்லை என்று சொல்லுவார். முன்பு வந்த இரண்டு பேரில் ஒருவர் தண்ணீர்கூடத் தொடாமல் போனவர்.

அந்தப் பகல் நான் குசினியில் நின்றேன். அம்மா வெள்ளனவே விறகடுப்பை மூட்டி வைத்திருந்தார். ஏன் என்று நான் யோசிக்கவில்லை. பலகாரம் சுடுவதற்காக இருக்கும் என்று நினைத்தேன். கேத்திலை வழமைபோல் எரிவாயு அடுப்பில் வைத்தேன். குசினிக்கும் விறாந்தைக்கும் நடுச்சுவர் முகட்டை முட்டாது. கதைப்பது அப்படியே கேட்கும்.

மாப்பிள்ளையின் தாய் கதிரையில் இருந்துகொண்டு ஊர்ப் புதினங்கள் கேட்டார். பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கினார்.

"உங்கை பின்வளவிலை ஏதோ சாணிக் காஸ் எண்டு கதைக்கினம். அதிலையோ பிள்ளை சமையல்?"

அக்கா சொன்னாள். தயங்கவில்லை.

"இல்லை மாமி. அது தங்கச்சியின்ரை விளையாட்டு. அவள் கக்கூசையும் அதோடை பூட்டவேணும் எண்டு நிண்டவள். நானும் அம்மாவும் உதிலை ஒரு சுடுதண்ணியும் வைக்கிறேல்லை. எங்களுக்கு விறகடுப்புத்தான்."

எனக்கு முன்னால் கேத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா மறுப்பார் என்று காத்திருந்தேன். பதினொரு மாதமாகச் சுவரைப் பிடித்து இருமாத என் அம்மா, பின்னேரத்தில் வாயு முடிந்துவிடக்கூடாதே என்று பீப்பாவை எட்டி எட்டிப் பார்க்கிற அம்மா.

"ஓம், ஓம்," என்றார் அம்மா. "அவள் படிச்ச பிள்ளை. ஏதேன் செய்துகொண்டிருப்பாள்."

கிளாசுகளில் தேத்தண்ணியை ஊற்றித் தட்டத்தில் வைத்துக் கொண்டுபோனேன். ஒரு துளியும் சிந்தவில்லை. அதை இன்றும் பெருமையாகத்தான் நினைக்கிறேன். மாப்பிள்ளையின் தாய் கிளாசைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தால் போதும். அவர் குடித்தார்.

"நல்ல தேத்தண்ணி," என்றார் அக்காவைப் பார்த்து. "விறகிலை போட்டால் அதின்ரை ருசியே வேறை."

அக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாம் நாள் தரகர் வந்தார். எல்லாம் சரி, ஆனால் தாலிக்குப் பொன்னுருக்குகிறதுக்கு முன்னம் அந்தக் கிடங்கை மூடிவிடவேண்டும், நாளைக்குத் தங்கள் ஆட்கள் வந்து சாப்பிட்டுக் கைநனைக்கிற வீடு என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பியிருந்தார்கள். அதற்குள் கக்கூசுக் கதை ஊருக்குள்ளும் போய்விட்டது. சங்கக்கடையில் ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு மற்றவளுக்குக் கண்காட்டினாள். கக்கூசு எங்கள் வளவின் மற்ற மூலையில் இருக்கிறது, அதிலிருந்து ஒரு குழாயும் எங்கேயும் போகவில்லை, யாரும் வந்து பார்க்கலாம் என்று நான் ஐயாவிடம் சொன்னேன். ஊரைக் கூட்டிக் காட்டச் சொன்னேன். ஐயா நெடுநேரம் வெங்காயப் பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் போகம் வெங்காயம் நன்றாக விளைந்திருந்தது.

"கிடங்கைப் பேந்தும் கட்டலாம், பிள்ளை," என்றார். "அவளுக்கு இனி ஒரு இடம் வருமே?"

அக்காவிடம் இரண்டு நாள் நான் பேசவில்லை. மூன்றாம் நாள் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றேன். ஏன் அப்படிச் சொன்னாய், உனக்கு மட்டும் சொன்னதை ஏன் எடுத்து அவர்களுக்குக் கொடுத்தாய் என்று கேட்டேன். அவள் தோய்ப்பதை நிறுத்தவில்லை.

"பேந்து என்ன சொல்லுறது? இதிலைதான் சமைக்கிறம், குடியுங்கோ எண்டோ? அவ எழும்பிப் போயிருப்பா."

"என்னைச் சொல்லாமல் சொல்லியிருக்கலாம்."

அப்போதுதான் நிமிர்ந்தாள். முகத்தில் சவர்க்கார நுரை ஒட்டியிருந்தது.

"வாற ஆக்களுக்கு முன்னாலை ஆர் நிண்டு கதைக்கிறது? நீ. கொப்பியிலை ஆற்றை பேர்? உன்ரை. சாணி கரைச்சது ஆர் எண்டு ஒரு நாள் ஒருத்தருக்குச் சொன்னனியோ? எல்லாம் உன்ரைதானே. பேச்சும் உன்ரையா இருக்கட்டும்."

அவள் சொன்னதில் உண்மை இருக்கிறது என்று பிற்காலத்தில் பலதரம் யோசித்திருக்கிறேன். ஆனால் நான் அவளிடமிருந்து எடுத்தது அவளுக்குத் தெரிய எடுத்தது. அவள் என்னிடமிருந்து எடுத்தது நான் நம்பிக் கொடுத்தது. இரண்டையும் ஒன்றென்று என்னால் இன்னும் நினைக்க முடியவில்லை.

மூடுகிற அன்று ஐயா என்னைக் கூப்பிட்டார். வாயுவைத் திறந்துவிடும் வழி எனக்குத்தான் தெரியும். கொட்டிலடியில் யாரும் சுருட்டுப் பற்றவைக்கக் கூடாது, விறகடுப்பை நூர்த்து அணைக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுத் திறந்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. லேசாகச் சீறுகிற சத்தம், கொஞ்சம் கூழ்முட்டை மணம். பீப்பா ஒவ்வொரு வெள்ளைக் கோடாக இறங்கி, கூழுக்குள் இருந்துவிட்டது. பிறகு மண் போட்டார்கள். அம்மாவும் பனையோலைக் கடகத்தில் மண் சுமந்தார். நாலாவது கடகத்தோடு நின்று மூச்சு வாங்கினார். நான் போய்க் கடகத்தை வாங்கவில்லை. அதற்காக இப்போது வருந்துகிறேன், அப்போது வருந்தவில்லை.

கலியாணம் நல்லபடி நடந்தது. நாலாம் நாள் சடங்கன்று மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். பந்தி முடிந்து, அக்காவின் மாமி விறாந்தையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரம், படலையடியில் சைக்கிள் மணி கேட்டது. போதனாசிரியர். கூட ஐந்தாறு பேர். தொண்டைமானாற்றுப் பக்கத்திலிருந்து கிடங்கைப் பார்ப்பதற்கென்று வந்தவர்கள். முதல் கடிதத்தை எழுதிய நான், மூடிவிட்டோம் என்ற கடிதத்தை எழுதாமலே இருந்துவிட்டேன். எழுதப் பேனையை எடுத்தால் காரணம் எழுதவேண்டி வரும்.

அவர் பின்வளவுக்குப் போய்ப் புது மண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"தங்கச்சி, என்ன நடந்தது?"

மாமி வெற்றிலையோடு திரும்பிப் பார்த்தார். ஐயா கைகளைக் கட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றார். குசினி வாசலில் அக்கா, கழுத்தில் புதுத் தாலிக்கொடியோடு. அவள் முகம் வெளுத்திருந்தது. நான் உண்மையைச் சொன்னால், அன்று குடித்த தேத்தண்ணி எதில் கொதித்தது என்பதும் கூடவே வெளியே வரும். அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் கேட்டுக்கொள்ள அவளுக்கு வழியிருக்கவில்லை.

"சரிவரேல்லை, சேர்," என்றேன்.

"நான் போன முறை வரேக்கை வடிவா எரிஞ்சதே?"

"பேந்து எரியேல்லை."

கொப்பியைக் கேட்டார். பதினொரு மாதம், ஒரு நாளும் தவறாமல், காலையும் மாலையும் எழுதிய கொப்பி உள்ளே என் பெட்டியில் இருந்தது. நனைந்து பழுதாகிவிட்டது என்றேன். வந்தவர்களில் ஒருவர், சாணியைத் தோட்டத்துக்குப் போடுகிறதுதான் புத்தி என்று பக்கத்தில் நின்றவருக்குச் சொல்லிச் சிரித்தார். அவர்களில் யாரும் பிறகு கிடங்கு கட்டவில்லை என்று கேள்விப்பட்டேன். எங்கள் ஊரிலும் யாரும் கட்டவில்லை.

போதனாசிரியர் வாங்கில் அமர்ந்து பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். நான் அவருக்கு எதிரே நின்றபடி, தலைகீழாகத் தெரிந்த எழுத்தை வாசித்தேன். 'வெற்றியளிக்கவில்லை' என்று எழுதினார். காரணம் என்ற இடத்துக்கு வந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தானாகவே 'பராமரிப்புப் போதாது' என்று எழுதி, விண்ணப்பம் என் பெயரில் இருந்ததால் கீழே கையெழுத்து வைக்கச் சொல்லிப் பேனையை நீட்டினார்.

வாங்கி, முழுப் பெயரையும் எழுதிக் கொடுத்தேன்.